கடற்கரை வீட்டில் மீன் தொட்டிக்கு ஃபேன் வச்சா சூடு இறங்குமா?

மார்த்தாண்டம்_தொட்டி:
2 அடி தொட்டி (24×12×12 இஞ்ச், சுமார் 55 லிட்டர்) என்றால் 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணு, 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் ஒண்ணு போதும். முக்கால் இஞ்ச் பிவிசி பைப்பில் 15 செ.மீ. துண்டு வெட்டி, நீளவாக்கில் 8 மி.மீ. அகலத்துக்குக் கீறுங்க. 5 மி.மீ. கண்ணாடி விளிம்பில் பழைய சைக்கிள் டியூப் துண்டைப் போட்டு அதுக்கு மேலே மாட்டினா இறுகிக்கும். டியூப் இல்லைன்னா ராத்திரி பூரா கண்ணாடி இரையும். பைப்பில் ரெண்டு அலுமினியப் பட்டை. ஃபேன் ஓட்டைகளுக்கு நடுவே 105 மி.மீ. இடைவெளி, அதுக்குத் தக்க துளை போடணும். பட்டையை வளைச்சு, காத்து தண்ணி மேலே படுற மாதிரி ஃபேனை 30 டிகிரி சரிச்சு வைங்க.

குளச்சல்_நீலம்:
ஸ்டாண்டு நல்லாத்தான் இருக்கு, குளிர்ச்சிதான் வராது மக்கா. ஃபேன் தண்ணியை ஆவியாக்கித்தான் குளிர்விக்குது. 32 டிகிரி வெக்கையில் ஈரப்பதம் 80 சதவீதம்னா ஈரக்குமிழ் வெப்பநிலையே (ஆவியாதல் மூலமா தண்ணி இறங்கக்கூடிய கடைசி அளவு) 29 பக்கம். எத்தனை ஃபேன் சுத்தினாலும் அதுக்குக் கீழே போகாது. குளிர்ந்த தண்ணி கேக்கிற கோல்டுஃபிஷ் வளர்க்கிறவனுக்கு இதனால் என்ன லாபம்? தண்ணிக்குள்ளே 20 வாட் மோட்டார் ஓடுதுன்னா முதல்ல அதை மாத்துங்க. அந்த 20 வாட்டும் சூடாத்தான் தண்ணியில் இறங்குது.

நாகர்கோவில்_பாசி:
ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், இடம்தான் வேற. 33 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம்னா ஈரக்குமிழ் 26.5 கிட்ட. கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊரில் மத்தியான நேரம் ஃபேன் வேலை செய்யும்லா. கணக்கு இதுதான்: 100 மி.லி. ஆவியானா 55 லிட்டரில் 1 டிகிரி குறையும். அறைச் சூடு திரும்ப ஏறிக்கிட்டே இருக்கும், அதனால ஃபேன் நிக்காம ஓடணும்.

குளச்சல்_நீலம்:
அப்போ தினமும் தண்ணி ஊத்தணும். ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிடும். எங்க கடலோரக் கிணத்துத் தண்ணியை ஊத்தி ஊத்தி டிடிஎஸ் (தண்ணியில் கரைஞ்ச உப்பு அளவு) ஏறினா யாரு பொறுப்பு?

மார்த்தாண்டம்_தொட்டி:
ஆவியாகிக் குறைஞ்ச அளவுக்கு ஆர்ஓ தண்ணியோ மழைத்தண்ணியோ ஊத்தணும், கிணத்துத் தண்ணி கூடாது. நம்ம கன்னியாகுமரி ஜில்லாவில் ரெண்டு பருவத்திலும் மழை உண்டே, பிடிச்சு வைக்க என்ன கஷ்டம்? ஆனா நிறைய பேர் செய்யற தப்பு வேற. கண்ணாடி மூடியை மூடி வச்சுட்டு ஓரத்தில் ஃபேனைச் செருகுறாங்க. ஈரக்காத்து வெளியேற வழி இல்லாம அதே காத்து உள்ளேயே சுத்தும். மூடியை எடுத்துட்டு, மீன் துள்ளாம இருக்க நைலான் வலைத்துண்டு கட்டுங்க. குளச்சலில் அதுக்கா பஞ்சம்?

குளச்சல்_நீலம்:
வலை கிடைக்கும், இரும்பு ஸ்க்ரூ நிக்காது. உப்புக் காத்துக்கு சீக்கிரமே துருப்பிடிச்சு துரு தண்ணியில் விழும். ஸ்டெயின்லெஸ் போடுங்க, இல்லைன்னா கேபிள் டை.

நாகர்கோவில்_பாசி:
ஒயர் பிளக்குக்குப் போற வழியில் கீழே தொங்கி ஒரு வளைவு இருக்கட்டும். ஒயர் வழியா வழியுற தண்ணி அந்த வளைவிலேயே சொட்டிடும், பிளக்குக்குள்ளே போகாது. சூட்டைப் பார்த்து ஃபேனைத் தானா போட்டு நிறுத்துற டபிள்யூ1209 தெர்மோஸ்டாட் போட்டா, அதில் பி0 அமைப்பை 'சி'யில் (குளிர்விக்கிற முறை) வைங்க. 'எச்'சில் (சூடாக்குற முறை) கிடந்தா தண்ணி குளிர்ந்த பிறகுதான் ஃபேன் ஓடும்.

குளச்சல்_நீலம்:
கப்பி, மோலி மீனுக்கு இது போதும்னு ஒத்துக்கிடுதேன். கோல்டுஃபிஷுக்குச் சில்லர்தான் (தண்ணியைக் குளிர்விக்கிற மெஷின்).