வாய்க்கால் ஓரம் மூன்று மா

(குழு: வடக்குத் தெரு சொந்தங்கள். செவ்வாய், காலை 6:42)

சரோஜா அத்தை: (பட்டா படம்)

சரோஜா அத்தை: அண்ணா, இது என்ன கணக்கு? அப்பா எனக்கென்று வாயால் சொன்னது வாய்க்கால் ஓரம் மூன்று மா. மூன்று மா என்றால் 99 சென்ட். பட்டாவில் 40 என்று இருக்கிறது. மீதி 59 சென்ட் எங்கே?

சரோஜா அத்தை: வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மணி சித்தப்பா: காலையிலேயே ஆரம்பமா

மணி சித்தப்பா: நான் அந்த வரப்புப் பக்கம் மண்வெட்டிகூட எடுத்துப் போனதில்லை

சரோஜா அத்தை: நான் யார் பேரையும் சொல்லவில்லையே தம்பி.

அம்மா: அண்ணி, மாத்திரை போட்டாச்சா?

நான்: அத்தை, அது 40 சென்ட் இல்லை. 40 ஏர். பட்டா முழுக்க ஹெக்டேர், ஏர் கணக்குதான். ஒரு ஏர் என்றால் 2.47 சென்ட்.

சரோஜா அத்தை: ஏரா? மாடு பூட்டுவோமே, அதுவா?

லண்டன் செந்தில்: அத்தை 😂 இங்கே ராத்திரி இரண்டரை மணி, சத்தமாகச் சிரித்துவிட்டேன்

திருச்சி பெரியப்பா: எல்லோரும் பொறுமையாகப் படிக்கவும். 12 அடிக் கோலால் 12-க்கு 12, அதாவது 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஆக ஒரு மா 14,400 சதுர அடி, 33 சென்ட். இது நம் தஞ்சாவூர்க் கணக்கு. வேறு ஊருக்குப் போனால் கோல் மாறும், குழியும் மாறும். படியும் அப்படித்தான், பட்டணம் படி வேறு, சின்னப் படி வேறு. இந்தக் குழப்பத்துக்காகத்தான் 1956-ல் சட்டம் போட்டார்கள். 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரில் கிலோ. 1962 ஏப்ரலிலிருந்து எடைக்கு அதுதான் கட்டாயம். நம் தெருவில் யாரும் கொடி பிடிக்கவில்லை. சரி சரி என்று தலையாட்டிவிட்டு வீசைக் கல்லைப் பரணில் போட்டார்கள், எறியவில்லை. (தொடரும்)

மணி சித்தப்பா: தொடருமா

திருச்சி பெரியப்பா: அப்போது எனக்குப் பத்து வயது. ஓரணாவுக்கு 6 நயா பைசா, நாலணாவுக்கு 25. அப்பா நாலணா வெல்லம் வேண்டுமென்றால் என்னை நான்கு தடவை கடைக்கு ஓடவிடுவார், ஒவ்வொரு தடவையும் ஓரணாவுக்கு. மொத்தம் 24. ஒரு நயா பைசா மிச்சம். மூன்றாவது தடவையே செட்டியார் கண்டுபிடித்துவிட்டார்.

லண்டன் செந்தில்: இங்கேயும் இதே கூத்துதான் பெரியப்பா. சண்டர்லாந்தில் வாழைப்பழத்தைப் பவுண்டு கணக்கில் விற்றார் என்று ஒரு கடைக்காரரின் தராசையே எடுத்துப்போய், 2001-ல் குற்றவாளி என்று தீர்ப்பும் கொடுத்தார்கள். அப்பீலிலும் தோற்றார். ஆனால் ரோடு இன்னும் மைல்தான், பீர் இன்னும் பைண்ட்தான்.

சரோஜா அத்தை: பீர் உனக்கு எப்படித் தெரியும்?

லண்டன் செந்தில்: போர்டில் பார்த்தேன் அத்தை

அம்மா: ஹெக்டேரை விடுங்கள். மதிக்கு நகை பார்க்கப் போனோம். போர்டில் கிராம், பில்லிலும் கிராம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வாயில் மட்டும் சவரன்.

மதி: அம்மா இங்கே வேண்டாம்

சரோஜா அத்தை: எத்தனை சவரன் கேட்கிறார்கள்?

அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரோஜா அத்தை: எனக்குப் பதினைந்து சவரன் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். மாமியார் வீட்டுத் தராசில் நூறு கிராம்தான் நின்றது. பதினைந்து எட்டு நூற்றிருபது.

மணி சித்தப்பா: கிராம் மட்டும் நன்றாகப் புரிகிறதே அக்கா

திருச்சி பெரியப்பா: மணி, சும்மா இரு.

மதி: நிறைநாழி வைக்க ஆச்சியின் பித்தளைப் படி வேண்டும். யாரிடம் இருக்கிறது?

(யாரும் பதில் எழுதவில்லை. மாலை 5:10)

நான்: பத்திரம் எழுதுபவரிடம் பேசினேன். 0.40.00 ஹெக்டேர் என்று போட்டு, பக்கத்திலேயே 99 சென்ட் என்றும் எழுதுகிறாராம். சரிதானே அத்தை?

சரோஜா அத்தை: மூன்று மா என்றும் எழுதச் சொல். அப்பா வாயில் வந்த வார்த்தை.

நான்: கேட்டுப் பார்க்கிறேன்

சரோஜா அத்தை: பேரன் போனில் கணக்குப் போட்டான். 40 ஏர் 43,056 சதுர அடி. மூன்று மா 43,200. 144 சதுர அடி குறைகிறது.

சரோஜா அத்தை: ஒரு குழி அண்ணா. சரியாக ஒரு குழி.

லண்டன் செந்தில்: ஐயோ

திருச்சி பெரியப்பா: அளக்கும்போது முழு எண்ணாகப் போட்டிருப்பார்கள். கோலும் சங்கிலியும் ஒன்றுக்கொன்று அப்படியே ஒத்துப்போகாது. விளக்கமாக இரவு எழுதுகிறேன்.

மணி சித்தப்பா: வாய்க்கால் அரித்திருக்கும்

சரோஜா அத்தை: உன் பக்கக் கரை மட்டும் அரிக்கவில்லை.

அம்மா: வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் முடியுமா, இல்லை மதியம் போகலாமா?

மணி சித்தப்பா: முதலில் சர்வேயர் வரட்டும்

சரோஜா அத்தை: வரட்டும். கோலோடு வரச் சொல்.

மதி: படி???