பழைய மாருதி 800: பிரேக் மிதிக்கும்போது முன்பக்கம் 'டொக்' என்கிறது, எதை மாற்றுவது?

கேள்வி

என் தந்தையார் 2004இல் வாங்கிய மாருதி 800 காரை, 15 ஆண்டுகள் முடிந்த பின்னும் பதிவைப் புதுப்பித்து ஓட்டி வருகிறேன். சில மாதங்களாக, மெதுவான வேகத்தில் பிரேக்கை மிதித்தவுடன் முன்பக்க இடது சக்கரத்தின் அருகே 'டொக்' என்று ஒரேயொரு ஒலி கேட்கிறது. பிரேக்கை விட்டுவிட்டு மீண்டும் நகரும்போது அதே ஒலி இன்னொரு முறை வருகிறது. நெடுஞ்சாலையில் சற்று அழுத்தமாக பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. ஒரு பட்டறையில் காட்டியபோது ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று சொல்லி இரண்டையும் மாற்றினார்கள். ஒலி அப்படியே இருக்கிறது. இப்போது முன்பக்கத்தில் உள்ள அனைத்தையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். காரை விற்கும் எண்ணம் எனக்கில்லை; ஆனால் தேயாத பாகத்தையும் சேர்த்துக் கழற்றி எறிய மனம் வரவில்லை. எது தேய்ந்திருக்கிறது என்பதை நானே கண்டறிய வழி உண்டா?

முதல் பதில்

உண்டு, ஐயா. நீங்கள் ஒலியை விவரித்த விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. ஷாக் அப்சார்பரின் தேய்மானம் பள்ளம் மேடுகளில் வெளிப்படும். பிரேக் மிதிக்கும்போது ஒருமுறையும் விடும்போது ஒருமுறையும் வரும் ஒலி, சக்கரம் முன்னும் பின்னுமாக நகர்கிறது என்பதற்கான அடையாளம்.

இந்தக் காரின் முன்பக்க அமைப்பை அறிந்தால் காரணம் தெளிவாகும். மாருதி 800இன் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரின் உடற்பகுதியோடு இணைக்கும் கை), பெரிய கார்களில் இருப்பதுபோல் உடற்பகுதியோடு இரண்டு இடங்களில் பிணைந்த முக்கோண வடிவம் அன்று. உட்புறம் ஒரே ஒரு புஷ்ஷில் (ரப்பர் பொதிந்த இணைப்பு) தொங்கும் எளிய தண்டு. அது சக்கரத்தைப் பக்கவாட்டில் மட்டுமே பிடித்துக்கொள்ளும். முன்பின்னாகப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு, இரு சக்கரங்களையும் இணைத்தபடி குறுக்கே ஓடும் ஸ்டெபிலைசர் பாரைச் சேர்ந்தது. அந்தக் கம்பியின் முனை லோயர் ஆர்மின் ஊடே சென்று, இருபுறமும் ரப்பர் புஷ்ஷும் வாஷரும் வைத்து நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். பிரேக் பிடிக்கும்போது சாலை சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ரப்பர் நைந்திருந்தால் ஆர்ம் அந்த இடைவெளி அளவுக்கு நகர்ந்து இரும்பில் மோதுகிறது. இடது சக்கரம் மட்டும் பின்னே போவதால் வண்டியும் அந்தப் பக்கம் திரும்புகிறது. கம்பியை உடற்பகுதியோடு சேர்க்கும் கிளாம்பிலும் ரப்பர் உண்டு. அதையும் மறக்காமல் பாருங்கள்.

சமதளத்தில் எஞ்சினை நிறுத்தி, இன்னொருவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கச் சொல்லுங்கள். மற்றொருவர் காரை முன்னும் பின்னுமாக உலுக்கட்டும். நீங்கள் பக்கவாட்டில் அமர்ந்து, டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கம்பி முனையையே கவனியுங்கள். கம்பிக்கும் ஆர்முக்கும் இடையே அசைவு தெரிந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

பிறகு முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்ட வேண்டாம்) மற்றவற்றையும் சோதித்துவிடுங்கள். சக்கரத்தைக் கடிகாரத்தின் 9, 3 நிலைகளில் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டின் (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் தண்டின் முனை மூட்டு) ஆட்டம் தெரியும். 12, 6 நிலைகளில் ஆட்டும்போது அசைவு இருந்தால், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள்: அசைவு நின்றுவிட்டால் குறை வீல் பேரிங்கில், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட்டில் (லோயர் ஆர்மின் வெளிமுனையிலுள்ள உருண்டை மூட்டு). இந்த அமைப்பில் காரின் எடையை ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) தாங்குவதால், பால் ஜாயின்ட்டின் ஆட்டம் கையால் ஆட்டும்போது வெளிப்படாமலும் போகலாம். ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) நடுவே நீண்ட லிவரை விட்டு மெல்ல நெம்பிப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் பதில்

மேலே சொல்லப்பட்டது முழுதும் சரி. பொருத்தும்போது நேரும் ஒரு தவற்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதே காரில் அந்தத் தவற்றால் எனக்கு ஒரு சோடி புஷ்கள் வீணாயின.

லோயர் ஆர்மின் உள் புஷ்ஷில் ரப்பர், உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டியே இருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது அங்கே எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நிலையில் அதை இறுக்கினால், தொங்கும் நிலையே ரப்பருக்கு இயல்பு நிலையாகிவிடும். காரைத் தரையில் இறக்கியவுடன் ரப்பர் முறுக்கேறி, நின்றுகொண்டிருக்கும்போதும் ஓயாமல் இழுபட்டு, சில மாதங்களில் கிழிந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. ஆகவே போல்ட்டைக் கையளவு மட்டும் பூட்டி, சக்கரத்தை மாட்டி, காரைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டபின், எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதே இறுதியாக இறுக்குங்கள். பிட் (காரின் அடியில் நின்று வேலை செய்வதற்கான குழி) உள்ள பட்டறையாக இருந்தால் இது எளிது. வேலையை வெளியே கொடுப்பதானாலும் அருகில் நின்று இதை வலியுறுத்துங்கள்.

பால் ஜாயின்ட்டும் தேய்ந்திருந்தால் முழு ஆர்மாகவே வாங்கிவிடலாம் என்பது என் கருத்து. தேயாவிட்டால், பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து எடுக்காமல், ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறையில் கொடுத்து மாற்றுங்கள். பால் ஜாயின்ட்டின் தண்டை நக்கிளில் பிடித்திருக்கும் போல்ட், தண்டிலுள்ள பள்ளத்தில் அமர்ந்திருக்கும். அதைத் தளர்த்தினால் போதாது, முழுவதும் உருவிய பிறகே ஆர்மைக் கீழே நெம்ப வேண்டும். ஸ்டெபிலைசர் பார் முனையிலுள்ள வாஷர்கள் எந்தப் பக்கம் பார்த்து அமர்ந்திருந்தன என்பதைப் பிரிக்குமுன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இருந்தால், ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதிய புஷ்கள் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய ஆர்ம்கள் கிடைக்கும் என்பதற்காக அவற்றை வாங்க வேண்டாம். நிறுத்தியே வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயதாகிறது.

மூன்றாம் பதில்

வீல் அலைன்மென்ட்டை (சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்வது) கடைசியில் செய்யுங்கள். ஆட்டம் உள்ள புஷ்களோடு கருவியில் ஏற்றினால் வரும் அளவு, அடுத்த பிரேக்கிலேயே மாறிவிடும். இந்தக் காரில் சரிசெய்யக்கூடியது டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டுமே. கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) அளவு விலகியிருப்பதாகத் தாள் காட்டினால், எங்கோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். டை ராட் எண்டை மாற்ற நேர்ந்தால், கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளிவந்தது என்று எண்ணி, புதியதை அத்தனை சுற்றுக்கே ஏற்றுங்கள். அலைன்மென்ட் கடை வரை காரை ஓட்டிச் செல்ல அது போதும்.

ஷாக்கை மீண்டும் கழற்ற வேண்டிவந்தால் ஒன்றை மட்டும் உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன்: ஸ்பிரிங்கைக் கம்ப்ரெஸரால் அடக்காமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைத் தொடாதீர்கள். அதில் அடங்கியிருக்கும் விசை உயிரையே பறிக்கும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று என் தம்பியும் பக்கத்து வீட்டு நண்பரும் உதவ, முதலில் சொன்னபடியே சோதித்தேன். இடப்பக்கக் கம்பி முனையில் ஒரு பக்க ரப்பரே இல்லை. வாஷர் ஆர்மில் உரசிப் பளபளவென்று தேய்ந்திருந்தது. வலப்பக்கத்தில் ரப்பர் இருந்தாலும் விரலால் அழுத்தினால் வெடிப்புகள் விரிகின்றன. டை ராட் எண்டுகளில் ஆட்டம் இல்லை. பால் ஜாயின்ட்டுகளை லிவரால் நெம்பியும் பார்த்தேன். இரண்டும் நன்றாகவே உள்ளன. ஆகவே இருபுறமும் முனை புஷ்களையும் கிளாம்ப் ரப்பர்களையும் ஆர்மின் உள் புஷ்களையும் மட்டும் மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிட் உள்ள ஒரு பட்டறையில் வேலை. காரைத் தரையில் இறக்கிய பிறகே போல்ட்டுகளை இறுக்குவதாக அந்த மெக்கானிக் ஒப்புக்கொண்டிருக்கிறார்.