கேம் செய்யும் பெட்டிக்குச் சாமான் பொறுக்கிய கதை

தட்டிவான்:

நானும் இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து ஒரு கேம் செய்கிறோம். பெரிதாக ஒன்றும் இல்லை, பனங்காணிக்குள் இரவில் நடக்கிற ஒரு சின்னப் பேய்க்கதை, அன்ரியல் எஞ்சின் 5 என்ற கேம் செய்யும் மென்பொருளில். படிக்கிற காலத்து லாப்டொப்பில்தான் இழுத்துக்கொண்டு வந்தேன், எடிட்டர் திறக்கிறதுக்குள் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டே வரலாம். 2025 தொடக்கத்தில் கனடா மாமா மூன்றரை லட்சம் அனுப்பினார். "தம்பி, விளையாட்டுக்குச் செலவழிச்சுப் போடாத" என்று சொல்லித்தான் அனுப்பினார். விளையாட்டுச் செய்யத்தான் செலவழிக்கப் போகிறேன் என்பதை அவருக்கு இன்னும் முழுதாக விளங்கப்படுத்தவில்லை.

புதுக் கம்பியூட்டர்ப் பெட்டிக்கு முதல் போட்ட சாமான் பட்டியலில் காசில் பெரும்பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்கே போய்விட்டது. ஆர்டிஎக்ஸ் 4060, ஆறு கோர் ரைசன் 5 5600 புரொசசர், 16 ஜிபி ராம், மிச்சமெல்லாம் எது மலிவோ அது. யூடியூப்பில் எல்லாரும் விநாடிக்கு எத்தனை ஃபிரேம் ஓடுகிறது என்பதைத்தானே காட்டுகிறார்கள், அதைப் பார்த்துப் பார்த்தே தயாரித்த பட்டியல். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு கடையில் நீட்டினேன். கடைக்கார அண்ணை கண்ணாடியை இறக்கி இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கேட்டார்: "நீர் கேம் விளையாடப் போறீரோ, செய்யப் போறீரோ?" செய்ய என்றேன். "அப்ப ஏன் இது விளையாடுற ஆளின்ர லிஸ்ட் மாதிரி இருக்கு?"

அவருக்கு அன்ரியல் என்றால் என்னவென்றே தெரியாது, ஆனால் கேள்வி சரியான இடத்தில் பட்டுவிட்டது. அன்று ஒன்றும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து லாப்டொப்பில் டாஸ்க் மனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்து பார்த்தேன்: எடிட்டர், கோட் எழுத விசுவல் ஸ்டூடியோ, முப்பரிமாண உருவம் செய்யப் புளெண்டர், குரோமில் பத்துப் பன்னிரண்டு டாப். 16 ஜிபியும் நிரம்பி டிஸ்க்குக்கு வழியத் தொடங்கிவிட்டது. பிறகு ஒரு பொருளின் மேற்பரப்பைத் தீர்மானிக்கிற மெட்டீரியலில் கைவைத்தேன், ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் ஷேடர் என்ற குட்டி நிரல்கள் கம்பைல் ஆகத் தொடங்கின, ஆயிரக்கணக்கில். அந்த வேலை கார்டில் நடப்பதில்லை, முழுக்கப் புரொசசரில்தான், இருக்கிற கோர் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். சி பிளஸ் பிளஸ் கோட் பில்ட் பண்ணும்போதும் அதுதான். கோரை மட்டும் கூட்டினாலும் காணாது, ராம் போதாவிட்டால் அன்ரியலின் பில்ட் கருவியே ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைக் குறைத்துவிடும். அன்ரியலைச் செய்கிற எபிக் நிறுவனம் தன்னுடைய பரிந்துரையில் 32 ஜிபி என்று எழுதி வைத்திருப்பது சும்மா இல்லை என்று அன்றுதான் உறைத்தது.

ஆகவே பட்டியலைக் கிழித்துத் திருப்பி எழுதினேன். எட்டுக் கோர் ரைசன் 7 5700எக்ஸ், 32 ஜிபி ராம், 1 டிபி என்விஎம்ஈ என்ற வேகமான டிஸ்க். கார்டில்தான் ஒரு கிழமை சண்டை. 4060 புதிது, வேகம் கூட, 115 வாட்தான் குடிக்கும், இடைப் படங்களைத் தானே உண்டாக்கும் ஃபிரேம் ஜெனரேஷன் இருக்கிறது. 3060 2021இல் வந்த பழசு, 170 வாட், ஆனால் கார்டிலேயே 4060ஐ விடக் கூடிய நினைவகம், 12 ஜிபி. விளையாட மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 4060 என்றான் சிநேகிதன், அது உண்மைதான். ஆனால் எடிட்டருக்குள் பொருள்களின் மேல் ஒட்டும் படங்களான டெக்ஸ்சர்களைக் கொட்டிக்கொண்டு போனால் மேல் மூலையில் சிவப்பில் 'டெக்ஸ்சர் ஸ்ட்ரீமிங் பூல் ஓவர்' என்று வரும் பாருங்கோ, டெக்ஸ்சருக்கு ஒதுக்கின நினைவகம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பூலைக் கூட்டலாம், கூட்டுவதற்குக் கார்டில் இடம் இருக்க வேண்டுமே. பக்கத்தில் புளெண்டர் வேறு திறந்திருக்கும். 3060தான் வாங்கினேன், இன்றைக்கும் அதில் குறை இல்லை.

இடையில் ஒரு மொக்குத்தனம். 5700எக்ஸ் பெட்டிக்குள் கூலர் வராது, 5600 பெட்டிக்குள்தான் வரும். பட்டியலை மாற்றும்போது அதை யோசிக்கவில்லை. சனிக்கிழமை பின்னேரம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டுப் பெட்டிக்குள் கையை விட்டுத் தேடினேன். திங்கள் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உண்மையில் அடி விழுந்தது நான் காசு மிச்சம் பிடித்த இடத்தில். வீட்டில் கிடந்த பழைய 650 விஏ யூபிஎஸ்ஸையே கொழுவினேன். 650 என்றால் 650 வாட் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. இந்தச் சின்ன யூபிஎஸ்கள் தருவது 360, 390 வாட் அளவில்தான், பற்றரி பழசானால் அதுவும் இல்லை. புரொசசரும் கார்டும் முழு வேகத்தில், அதோடு மொனிட்டர், எல்லாம் சேர்ந்தால் என்னுடைய பெட்டி அந்த எல்லைக்கே போய்விடும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நினைவிருக்கும், பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து முழு இலங்கைக்கும் கரண்ட் போன நாள். நான் ஷேடர் கம்பைல் ஓடவிட்டுக்கொண்டே மப்பை (கேம் நடக்கிற இடத்தின் கோப்பை) சேவ் பண்ணிக்கொண்டிருந்தேன். யூபிஎஸ் ஒரு தரம் 'கீ' என்றது, அவ்வளவுதான், அது பற்றரிக்குக் கைமாற்றித் தரவே இல்லை. கரண்ட் வந்து திறந்து பார்த்தால் அந்த மப் கோப்பு உடைந்து கிடக்கிறது, மூன்று கிழமை வேலை. பழைய பிரதிகளைக் காத்து வைக்கும் கிட் (Git) கருவியில் போட்டு வைக்காதது என் பிழை, குரங்கில் பழி போட முடியாது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும், சொல்லுங்கோ.

வடமராட்சியான்:

குரங்கு கதைக்குச் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். என்னுடையது பழைய கார்டுக் கதை.

2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓடவிட்டு நாணயம் ஈட்டும் மைனிங் முறையை விட்டதும் மைனர்மார் கார்டுகளைத் தள்ளத் தொடங்கினார்கள் அல்லவா, அந்த அலை ஒருநாள் பருத்தித்துறைக்கும் வந்து சேர்ந்தது. ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, நல்ல விலை. பஸ் ஸ்ராண்டில் சந்தித்து, பெட்டியைப் பார்த்து, காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். டொலர் 200இலிருந்து 360க்குக் கிட்ட ஏறி நின்ற வருசம், புதுக் கார்டு என்று யோசிக்கவே முடியாது. வீட்டில் கொழுவினால் படம் வருகிறது, கேம் ஓடுகிறது, ஆனால் மற்றவர்கள் சொல்லும் ஃபிரேம் வரவில்லை. டிரைவரை நாலு தரம் அழித்துப் போட்டேன். கடைசியில் கார்டின் உள்விவரம் காட்டும் ஜிபியூ-இசட் மென்பொருளைத் திறந்தால் ஷேடர் கோர் எண்ணிக்கை 2048. உண்மையான 580 என்றால் 2304 இருக்க வேண்டும். பெயரில் 580 என்றே வரும், ஆனால் 2048எஸ்பி என்ற குறைந்த வகை. போலி என்றும் சொல்ல முடியாது, விற்றவன் சொல்லாமல் விட்டான், நானும் கேட்காமல் விட்டேன்.

இப்போது பழசு வாங்கப் போனால் ஒரு பென் டிரைவில் ஜிபியூ-இசட்டைக் கொண்டு போகிறேன். கொழுவிக் காட்ட மாட்டேன் என்கிறவனிடம் வாங்குவதில்லை. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பழைய சிப்புக்குப் பயோஸை (கார்டின் உள்நிரலை) மாற்றி விற்கிற கூட்டம் இன்னும் இருக்கிறது, அதை அந்த மென்பொருளே போலி என்று எழுதிக் காட்டிவிடும்.

இன்னொன்று. கடற்கரைக்கு அண்மையில் இருக்கிறவர்கள் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், உப்புக் காற்று ஒருபுறம், பல்லி மறுபுறம். என்னுடைய முதல் பவர் சப்ளைக்குள் பல்லி போய்க் கருகியது. மணத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம், அம்மா அடுப்பில் ஏதோ எரிகிறது என்று குசினிக்கு ஓடினா.

பினாட்டு:

தட்டிவான் அண்ணா, நீங்கள் எல்லாரும் கார்டு கார்டு என்கிறீர்கள், என்னிடம் கார்டே இல்லை.

நான் தனியாக, கொடோட் என்ற கேம் எஞ்சினில், பிக்சல் படம் கீறி இருபரிமாணக் கேம் செய்கிறேன். வாங்கப் போனபோது எல்லாரும் ஏதாவது ஒரு கார்டையாவது போடச் சொன்னார்கள். நான் ரைசன் 5 5600ஜி எடுத்தேன், கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, கார்டுக்கு வைத்திருந்த காசில் நிறத்தைச் சரியாகக் காட்டும் ஐபிஎஸ் மொனிட்டரும் ஒரு கீறும் பலகையும் வந்துவிட்டன. ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் நிறங்களைப் பார்க்கிற எனக்கு அதுதான் முதல் தேவை.

ஆனால் ஒரு இடத்தில் ஏமாந்தேன். கடையில் 16 ஜிபியை ஒரே துண்டாகப் போட்டுத் தந்தார்கள். பிறகு இன்னொன்று போட வசதி என்று சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ராமையேதான் பாவிக்கும், ஒரு துண்டு என்றால் தரவு போய்வரும் பாதை பாதிதான். மூன்று மாதம் கழித்து அதே மாதிரித் துண்டு ஒன்று வாங்கிப் போட்டேன், அதுவும் முதலில் பக்கத்துப் பக்கத்துத் துளையில், ஒரு மாற்றமும் இல்லை. மதர்போர்டின் புத்தகத்தைப் பார்த்து இரண்டாவதிலும் நாலாவதிலும் மாற்றி, பயோஸுக்குள் போய் ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை ஓன் பண்ணிய பிறகுதான் தெரிந்தது, அதுவரை 3200 ராம் 2400இல் நடந்துகொண்டு இருந்திருக்கிறது என்று. சிநேகிதியின் முப்பரிமாணக் கேம் ஒன்றைச் சோதித்துக் கொடுக்கிறேன், முன்பு படம் படமாக நகர்ந்தது இப்போது ஓடுகிறது. பெட்டி அதேதான்.

ஜாம்போத்தல்:

பிள்ளைகளே, நான் கேம் செய்கிற ஆள் இல்லை, மகனுக்கு ஒன்று பூட்டிக் கொடுத்த ஆள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட தலைமுறை, அதனால் கரண்ட் பற்றித்தான் கதைப்பேன்.

மகன் புதுப் பெட்டியின் கேசிங்கைத் தொட்டால் கை சுள் என்கிறது என்றான். பவர் சப்ளை பழுது என்று கழற்றிக்கொண்டு கடைக்குப் போனோம், அங்கே ஒன்றும் இல்லை. வீட்டுக்குக் கொண்டு வந்தால் திரும்பவும் சுள். பிழை எங்கள் வீட்டுச் சுவரில். பழைய வீடு, பிளக்கில் மூன்று துளை இருக்கிறது, ஆனால் எர்த் கம்பி எங்கேயும் போய்ச் சேரவில்லை. பவர் சப்ளையின் உள்ளே வரும் இரைச்சலை வடிகட்டும் கொண்டென்சர்கள் கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு விடும், எர்த் இல்லாவிட்டால் அது கேசிங்கில் நிற்கும், 230 வோல்ட்டில் பாதியளவு காட்டும். ஆளைக் கொல்லாது, ஆனால் அதோடு யூஎஸ்பியில் வேறு கருவி கொழுவினால் போர்டுக்கு நல்லதில்லை. எலக்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் றொட் அடித்தோம், அந்தச் செலவு கார்டு விலையில் ஒரு துண்டுதான்.

கண்ணாடிப் பக்கம் உள்ள கேசிங் வாங்குகிறவர்களுக்கு: கழற்றிய கண்ணாடியை டைல்ஸ் தரையில் வைக்க வேண்டாம். மூலை மெல்லத் தட்டினாலே போதும், முழுக்கப் பொரி மாதிரிச் சிதறிவிடும். கட்டிலில் வையுங்கோ. எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம்.

தட்டிவான்:

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரெஸ்ரரை எடுத்துப் பார்த்தேன், என் அறைப் பிளக்கிலும் எர்த் இல்லை. மாமா அனுப்பின காசில் வாங்கின பெட்டி ஒரு வருசமாக இப்படியா நின்றது என்று நெஞ்சு ஒருக்கால் பதறிவிட்டது. நாளைக்கு ஆள் வருகிறார்.

பினாட்டு சொன்னதையும் பார்த்தேன், என் ராம் சரியான துளையில்தான், எக்ஸ்எம்பி மட்டும் ஓன் பண்ணாமல் கிடந்தது! இன்னொரு 32 ஜிபி போடலாம் என்று இருந்தேன், 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில் அந்த ஆசையை விட்டாயிற்று. இருக்கிறதை முதலில் சரியாக ஓட்டுவோம்.

யூபிஎஸ் இப்போது 1200 விஏ. மப்பைத் திருப்பிக் கட்டி முடித்துவிட்டோம், முன்னையதை விட நன்றாகத்தான் வந்திருக்கிறது. பேய் மட்டும் இன்னும் நடக்க மாட்டேன் என்கிறது, நிலத்திலிருந்து ஒரு முழம் மேலே மிதந்துகொண்டு போகிறது. பேய்தானே, அப்படியே விட்டுவிடு என்கிறான் சிநேகிதன்.