அரசுப் பள்ளியில் ரோபோ குழு, எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி:
நான் அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் ரோபோ செய்ய வேண்டும் என்று தினமும் வந்து நிற்கிறார்கள். எங்களிடம் அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசு உதவியில் பள்ளிகளில் அமைக்கும் செய்முறைக் கூடம்) கிடையாது, கையில் நாலாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில் 1:
டீச்சர், விலை கூடிய கிட் வேண்டாம். ஒரு ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஏற்றி இயக்கும் சின்ன போர்டு), ஒரு மோட்டார் டிரைவர் (அந்த போர்டு சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சர்க்யூட்), மஞ்சள் கியர் மோட்டார் இரண்டு, ஐஆர் சென்சார் (அகச்சிவப்புக் கதிரால் கறுப்பு, வெள்ளையைப் பிரித்தறியும் கருவி) இரண்டு இருந்தால் கோட்டைப் பார்த்து ஓடும் வண்டி செய்துவிடலாம். வெள்ளை சார்ட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் அதுதான் பாதை. அப்புறம், சதுரமான 9 வோல்ட் பேட்டரியை மட்டும் வாங்காதீர்கள், எங்கள் பிள்ளைகள் அதைப் போட்டபோது மோட்டார் சுற்ற ஆரம்பித்ததுமே போர்டு அணைந்து அணைந்து எரிந்தது, புரோகிராமில்தான் தப்பு என்று இரண்டு நாள் தேடினோம். ரீசார்ஜ் செய்யும் 18650 அளவு லித்தியம் செல் இரண்டு, அதற்கான சார்ஜரோடு வாங்குங்கள்.

பதில் 2:
ஜன்னல் வெயில் படும் இடத்தில் ஓட்டாதீர்கள். வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் இருப்பதால் சென்சார் கோட்டைத் தவறவிடும். சென்சாரில் இருக்கும் சின்னத் திருகை ஸ்க்ரூடிரைவரால் திருப்பிச் சரிசெய்யப் பிள்ளைகளையே விடுங்கள். பெண் பிள்ளைகளை நோட்டு எழுத மட்டும் உட்கார வைத்துவிடாமல் வாராவாரம் வேலையை மாற்றிக் கொடுங்கள், இது ரொம்ப முக்கியம்.

பதில் 3:
பின்னால் போட்டிக்குப் போக நினைத்தால், மாணவர்களுக்கான சர்வதேச ரோபோ போட்டியான உலக ரோபோ ஒலிம்பியாடில் ஒரு அணிக்கு இரண்டு அல்லது மூன்று பேர்தான். உங்கள் ஆறு பேரை இப்போதே இரண்டு அணியாகப் பிரித்துப் பழக்கலாம்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. சனிக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறேன்.