தோற்ற ஆட்டம் ஏன் மனதை விட்டுப் போவதில்லை?

கிழக்கு ஸ்டாண்ட்:
1999 ஜனவரி 31, சேப்பாக்கம், பாகிஸ்தானோடு டெஸ்ட், நான்காம் நாள். பதினான்கு வயதில் அப்பாவோடு போயிருந்தேன். ஜெயிக்க 271 வேண்டும். முதுகு வலியோடு ஆடி 136 எடுத்த சச்சின், பாகிஸ்தானின் சுழல் பந்து வீச்சாளர் சக்லைன் பந்தைத் தூக்கி அடித்து வாசிம் அக்ரமிடம் கேட்ச் ஆனபோது பாக்கி 17 ரன்தான். அப்புறம் நாலே ரன்னில் மீதி மூன்று விக்கெட்டும் போய், 12 ரன்னில் தோற்றோம். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது, அப்பா அழுதுகொண்டே தட்டினார். போன வருடம் அவர் காலமானார். 2011 உலகக் கோப்பையையும் அவரோடு உட்கார்ந்துதான் பார்த்தேன், ஆனால் அடிக்கடி நினைவுக்கு வருவது அந்தத் தோல்விதான். ஜெயிப்பதற்காகத்தான் பார்க்கிறோம் என்றால் இது ஏன்? நாம் இதில் எதைத் தேடுகிறோம்?

ஓசூர்க்காரன்:
எனக்கு ஜெயிப்பது முக்கியம்தான். 2008 முதல் ஐபிஎல்லில் பெங்களூரு அணியான ஆர்சிபியின் ரசிகன். 2009, 2011, 2016 மூன்று ஃபைனலிலும் தோல்வி, ஆனாலும் ஒவ்வொரு வருடமும் 'ஈ சலா கப் நம்தே' (இந்த முறை கப் நமக்கே) என்று ஆரம்பிப்போம். 2025 ஜூன் 3 அன்று பஞ்சாபை 6 ரன்னில் வென்று கோலி மைதானத்தில் மண்டியிட்டு அழுதபோது நானும் தேம்பி அழுதேன். வேலையிலும் வீட்டிலும் இத்தனை வருடம் பட்ட பாடு வீணா இல்லையா என்று யாரும் வந்து சொல்வதில்லை. இங்கே ஒரு நாள் சொல்லிவிட்டார்கள். ஆனால் மறுநாளே பெங்களூரு சின்னசாமி மைதானத்து வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். என்னைப் போலவே காத்திருந்தவர்கள். இப்போது கோப்பையை நினைத்தால் அவர்களும் சேர்ந்தே வருகிறார்கள்.

மஞ்சள் ஜெர்சி:
2018இல் இரண்டு வருடத் தடை முடிந்து சிஎஸ்கே திரும்பி வந்தது. காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம்தான் நடந்தது, மற்றவை புனேவுக்குப் போயின. போராடியவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, ஆனாலும் வலித்தது. ரசிகர்களுக்குத் தனி ரயில் விட்டார்கள். யாரோடும் ஒட்டாத என் தம்பி அதில் ஏறிப் போனான். திரும்பி வரும்போது ஆறேழு நண்பர்கள். என்ன வேலை, எந்த ஊர் என்று கேட்காமலே ஒரு ராத்திரி முழுக்கப் பேசியிருக்கிறார்கள். பிறகு அம்மாவின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்களில் இரண்டு பேர் அந்த ரயில் நண்பர்கள். அவன் தேடியது இதைத்தான் என்று நினைக்கிறேன். கிரிக்கெட் ஒரு சாக்கு.

ஆஃப் ஸ்பின்:
கிரிக்கெட்டைச் சாக்கு என்று சொல்லிவிடாதீர்கள். சக்லைன் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் எடுத்தார். சேப்பாக்கத்தில் உட்காருகிறவருக்கு சுழல் பந்து தெரியும், நல்லதைப் பார்த்தால் கை தானாகத் தட்டும். 1997இல் பாகிஸ்தானின் சயீத் அன்வர் நமக்கு எதிராக 194 அடித்தபோதும் அதே மைதானம்தான் எழுந்து நின்றது. நம் ஆள் தோற்றாலும் நல்லதை நல்லது என்று சொல்ல முடிகிற ஒரு மனது, உங்கள் அப்பாவுக்கு அது இருந்திருக்கிறது அண்ணா.

கிழக்கு ஸ்டாண்ட்:
நீங்கள் சொன்னதும்தான் ஞாபகம் வருகிறது. திரும்பும்போது பறக்கும் ரயிலில் ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கையில் வைத்து, சக்லைன் எப்படித் திருப்பினார் என்று அப்பா வீடு வரைக்கும் சுழற்றிக் காட்டிக்கொண்டே வந்தார்.