‘ஜே’ எழுத்தில் தொடங்கும் ஆங்கிலப் பாட்டுகள் வேண்டும்

வணக்கம் நண்பர்களே, வர்ற சனிக்கிழமை ஆபீஸில் பாட்டுப் போட்டி, அணிக்கு ஓர் எழுத்து, எங்களுக்கு விழுந்தது ஆங்கில ‘ஜே’. தலைப்பின் முதல் எழுத்துதான் கணக்கு. அதனால் ‘ஹே ஜூட்’, ‘பில்லி ஜீன்’ எல்லாம் செல்லாது, தயவுசெய்து அதைச் சொல்லாதீங்க.

பழசில் கவலை இல்லை. எல்விஸின் ‘ஜெயில்ஹவுஸ் ராக்’ (1957), சக் பெர்ரியின் ‘ஜானி பி. குட்’ (1958), ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஜம்பின் ஜாக் ஃப்ளாஷ்’ (1968), டாலி பார்ட்டனின் ‘ஜோலீன்’ (1973) என்று கையில் இருக்கு. இதில் ‘ஜானி பி. குட்’ 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றிய தங்க இசைத்தட்டிலும் இருக்கு, அதைச் சொல்லி நடுவரைக் கவரலாம்னு ஒரு நப்பாசை! ‘ஜோலீன்’தான் எனக்கு உயிர், புருஷனைப் பறிச்சுக்காதேன்னு இன்னொரு பெண்ணிடமே கெஞ்சுகிற பாட்டு, அதைவிட நேராக ஒரு பாட்டு எழுத முடியுமான்னு தெரியல.

சிக்கல் 1990-க்கு அப்புறம்தான். ராக்ஸெட்டின் ‘ஜாய்ரைட்’, பேர்ல் ஜாமின் ‘ஜெரமி’, நோ டவுட்டின் ‘ஜஸ்ட் எ கேர்ள்’, லேடி காகாவின் ‘ஜஸ்ட் டான்ஸ்’, இதோடு நிற்கிறேன். ‘ஜஸ்ட்’டில் தொடங்குவது இன்னும் நிறைய கிடைக்கும், ஆனால் அதையே அடுக்கினால் சலிச்சுடும்.

மெதுவான பாட்டு, இருவர் சேர்ந்து பாடுகிற பாட்டு இருந்தால் ரொம்ப நல்லது. பாடியவர் பெயரும் சேர்த்துப் போடுங்க, ஒரே தலைப்பில் பல பாட்டு இருக்கு: ‘ஜஸ்ட் தி வே யூ ஆர்’னா பில்லி ஜோயலா, ப்ரூனோ மார்ஸா? வெள்ளிக்குள் சொன்னால் பயிற்சிக்கு நேரம் கிடைக்கும்.