கோபம் மூளும்போது கவனம் நிற்க என்ன செய்கிறீர்கள்?

வணக்கம். இந்தக் குழுவில் மைண்ட்ஃபுல்னஸ் (அந்தந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சி) பழகுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கபாட்-ஜின் 1979-ல் தொடங்கிய 8 வாரப் பயிற்சி முறையில்தான் நானும் பழகி வருகிறேன். காலையில் உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதில் சிக்கல் இல்லை. மனம் ஓடும், திரும்பக் கூட்டி வருவேன், சரி.

கோபம் வரும்போதுதான் தகராறு. தாடை இறுகுவதும் காது சூடாவதும் நன்றாகவே தெரிகிறது. ‘இது கோபம்’ என்று மனதுக்குள் பெயர் சொல்லவும் முடிகிறது. அப்படிப் பெயர் சொன்னாலே வேகம் கொஞ்சம் தணியும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் அதற்குள் வாய் முந்திக்கொள்கிறது!

இன்னொரு சந்தேகம். சில நாள் அமைதியாக இருந்துவிடுகிறேன். அது கவனித்ததாலா, இல்லை அடக்கி வைத்ததாலா? அடக்கினால் முகம் மட்டும்தான் அமைதி, உடம்பின் படபடப்பு அப்படியே இருக்கும். இரண்டையும் எப்படிப் பிரித்தறிகிறீர்கள்?

பேச்சின் நடுவே, கண்ணை மூடாமல், எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? மூச்சுக்குப் பதில் உள்ளங்காலைக் கவனிக்கச் சொல்கிறார்கள் சிலர். யாராவது செய்து பார்த்தீர்களா? ‘பத்து வரை எண்ணு’ மட்டும் வேண்டாம், பதினொன்றில் கத்திவிடுகிறேன்.